சீமோனுக்கு ஒரு பூசை

எங்கள் கோவில் பங்கில் யார் செத்தாலும் எனக்குத்தான் முதலில் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு முன்னால், கோவில் வாசலில் சின்ன மேசை ஒன்றைப் போட்டுக்கொண்டு பூசையில் வாசிக்கக் கொடுக்கிற வேண்டுதல்களை, அதாவது பூசைக் கருத்துகளை, எழுதுகிறவள் நான். தகப்பனின் பதினைந்தாம் ஆண்டு நினைவு, மாமியின் முப்பத்தோராம் நாள், மகனின் சத்திரசிகிச்சை நல்லபடி முடிய வேண்டும் என்ற மன்றாட்டு, எல்லாம் என் கொப்பியில் ஏறித்தான் பாதரின் வாய்க்குப் போகும். பன்னிரண்டு வருடமாக இதைச் செய்கிறேன். ஸ்காபரோவிலிருந்து மார்க்கம் வரை எந்தச் செத்தவீட்டுக்குப் போனாலும் முன்வரிசையில் அருள்நாயகி அன்ரி இருப்பா என்று பெடியள் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். செத்தவர்களுக்கு யாராவது ஒரு ஆள் வேண்டும்தானே.

அதனால்தான் அன்று நடாஷா சொன்ன பெயரைக் கேட்டதும் எனக்குத் திடுக்கிட்டது.

நடாஷா யூனியன்வில் மக்டலீனின் மூத்த மகள். இருபத்தொன்பது வயது, மருந்துக்கடையில் வேலை. சின்ன வயதில் முதல்நன்மை எடுத்த நாளிலிருந்து தெரிந்த பிள்ளை. வைகாசியில் ஒரு ஞாயிறு, வரிசையில் நின்று என் மேசைக்கு வந்தாள்.

"செத்த ஆக்களுக்கோ, உயிரோட இருக்கிறவைக்கோ?" என்று கேட்டேன். கொப்பியில் இரண்டு பக்கம் உண்டு. எல்லோரிடமும் முதலில் அதைத்தான் கேட்பேன்.

அவள் யோசித்தாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"செத்த ஆக்களின்ர பக்கத்தில போடுங்கோ அன்ரி."

"பேர்?"

"சீமோன்."

"முழுப்பேர்?"

"அவ்வளவுதான்."

"எப்ப செத்தவர்?"

"மார்ச்சில. டேற் ஷுவரா தெரியாது."

"வயசு?"

"சின்னப் பிள்ளை, அன்ரி."

"உமக்கு என்ன முறை?"

அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்க, நான் அவளை உள்ளே போகச் சொன்னேன்.

மார்ச்சில் சீமோன் என்று ஒரு பிள்ளை சாகவில்லை. செத்திருந்தால் மரண அறிவித்தல் வந்திருக்கும், நானும் போயிருப்பேன். பெயர் உண்டு, திகதி இல்லை. அழுகை உண்டு, அடக்கம் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளை ஒரே ஒரு விதம்தான் என்று என் மூளை கணக்குப் போட்டுவிட்டது. இரக்கமும் வந்தது, பொய் சொல்லக்கூடாது. தாயின் வாயால் சொல்ல முடியாததை நானாவது எழுதிவிடுவோம் என்று அவள் சொல்லாத இரண்டு சொல்லைச் சேர்த்து எழுதினேன்: 'நடாஷாவின் குழந்தை சீமோனின் ஆன்ம இளைப்பாற்றிக்காக.'

பாதர் இந்தியாவிலிருந்து வந்து மூன்று மாதம். யாரையும் தெரியாது. நல்ல உரத்த குரலில் அப்படியே வாசித்தார்.

நாலாவது வரிசையில் இருந்த மக்டலீனின் முகம் கறுத்துப் போயிற்று. பக்கத்தில் நடாஷா தலையை நிமிர்த்தவில்லை. சனம் ஒவ்வொன்றாகத் திரும்பியது.

பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் பேர்ணடெற் என்னைப் பிடித்தாள். பாடகர் குழுவில் அவளுக்குக் குரலைவிடக் காது நல்லது.

"அக்கா, அந்தப் பெட்டை கலியாணமே கட்டேல்லை. கலைச்சதோ?"

"எனக்கென்ன தெரியும்? பாவம், அறியாத பிள்ளை," என்றேன்.

இவ்வளவுதான் சொன்னேன். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் கேட்கவும் வேண்டுமா? பின்னேரத்துக்குள் கதை அஜாக்ஸ் வரை போய்விட்டது.

புதன்கிழமை நடாஷா என் அப்பார்ட்மன்ற் கதவைத் தட்டினாள். மருந்துக்கடைச் சட்டையோடு வந்திருந்தாள். கடவுள் மன்னிக்காத பாவம் எதுவும் இல்லை என்று நான் தொடங்க, அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை.

"அன்ரி, நான் ஒருநாளும் ப்ரெக்னன்ற்றா இருக்கேல்லை. ஏன் குழந்தை எண்டு போட்டனீங்கள்?"

"அப்ப சீமோன் ஆர்?"

அவள் கதிரையில் இருந்தாள். சொல்லி முடிக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. இடையில் அழவே இல்லை.

அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது இவர்கள் ரெக்ஸ்டேலில் இருந்தார்கள். தகப்பன் செத்து ஒரு வருடம். தாய்க்கு இரண்டு வேலை. பேஸ்மன்றை ஒரு ஆளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். சாப்பாடும் சேர்த்து வாடகை. பின்னேரத்தில் சாப்பாட்டைக் கீழே கொண்டுபோய்க் கொடுப்பது நடாஷாவின் வேலை.

"கொஞ்ச நாளில நான் போறேல்லை அன்ரி. எனக்குள்ள இருந்து சீமோன் வந்து போவான். நான் மேல எங்கயோ நிப்பன். திரும்பி வந்தாப் பிறகு எனக்கு ஒண்டும் ஞாபகம் இராது."

"ஏன் ஆம்பிளைப் பிள்ளை?"

"ஆம்பிளைப் பிள்ளை எண்டா அந்த அங்கிள் விட்டிடுவார் எண்டு நினைச்சிருக்கிறன் போல. பேர் சிலுவைப்பாதையில இருந்து வந்தது. அஞ்சாம் ஸ்தலத்தில வேற ஆளின்ர சிலுவையைச் சுமக்கிறாரே, அந்தச் சீமோன்."

நாற்பது வருடமாகச் சிலுவைப்பாதை செய்கிறேன். ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை விளங்கிக்கொண்ட அளவு நான் அந்த ஸ்தலத்தை விளங்கிக்கொள்ளவில்லை.

இருபது வருடம் அவன் அவளுக்குள் ஒன்பது வயதாகவே இருந்தான். சில நேரம் அவள் கண்விழித்தால் அலுமாரிக்குள் குந்தியிருப்பாளாம். நாலு வருடமாக டவுன்ரவுணில் ஒரு மனநல டொக்டரிடம் போகிறாள். இந்தத் தவக்காலத்தில், மார்ச்சில், அவளும் சீமோனும் ஒன்றாகிவிட்டார்கள். ஒருவரும் சாகவில்லை, அவன் சுமந்தது இப்போது உன்னிடம் வந்துவிட்டது, அவ்வளவுதான் என்றாராம் டொக்டர்.

"இப்ப அவன்ர ஞாபகம் எல்லாம் எனக்கு இருக்கு. அவனுக்கு வாற பயமும் எனக்குத்தான் வருது. கஷ்டம்தான். ஆனா நான் இப்ப அலுமாரிக்குள்ள போறேல்லை."

"அது நல்லதுதானே பிள்ளை. பிறகேன் பூசை?"

அவள் ஃபோனை நீட்டினாள். ஒன்லைனில் ஒரு குழு. ஒரு உடம்புக்குள் பலராக வாழ்கிறவர்கள். தங்களைச் 'சிஸ்ரம்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஏழு வருடமாக அதில் இருக்கிறாள். எங்கள் ஊர்ச்சங்கம் உடைந்ததைவிட அங்கே பிரிவு கூட. சின்ன வயதில் கொடுமை பட்டவர்கள் மட்டும்தான் உண்மையான ஆட்கள், மற்றவர்கள் நடிக்கிறார்கள் என்று ஒரு கட்சி. ஒன்றும் படாமலும் ஒருவர் பலராக இருக்கலாம் என்று இன்னொரு கட்சி. உள்ளே இருக்கிறவர்களை ஒன்றாக்குவது சுகம் என்று சிலர், அது கொலை என்று வேறு சிலர். அவள் இருந்தது கொலை என்கிற பக்கம்.

"அவையைக் கூடாத ஆக்கள் எண்டு நினையாதேங்கோ. சீமோன் எப்பிடி இருக்கிறான் எண்டு உலகத்திலயே முதல் கேட்டது அவைதான். அவன்ர பேர்த்டேக்கு விஷ் பண்ணினவை."

தொழிற்சாலையில் பழகிய இங்கிலீஷ் எனக்கு வாசிக்கப் போதும். 'நீ சாதாரண ஆளாக வேண்டுமென்று ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையைக் கொன்றாய்' என்று ஒருவர். 'கரைந்து போனான் என்றால் அவன் முதலிலேயே இருக்கவில்லை, நீ ஒரு பொய்க்காரி' என்று இன்னொருவர். மெழுகுதிரிப் படங்கள். செத்தவர்கள் பட்டியல் என்று ஒன்று, அதில் சீமோனின் பெயர். அந்த முகம் தெரியாத சனத்தின் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிறகு என் கொப்பி ஞாபகம் வந்தது. நானும் அதே பட்டியலில்தானே அவனைப் போட்டேன்.

"டொக்டர் சொல்றது சரியோ, அவை சொல்றது சரியோ எண்டு எனக்குத் தெரியேல்லை அன்ரி. செத்திருந்தா அவனுக்கு ஒரு பூசையாவது வேணும் எண்டுதான் வந்தனான். இப்ப கோவிலிலயும் என்னைக் கொலைகாரி எண்டுதான் பாக்கினம்." குரல் அப்போதுதான் உடைந்தது. "நான் அவனைக் கொன்றனானோ?"

"இல்லை பிள்ளை. விசர்க் கதை. அவன் உம்மட்டைத்தான் இருக்கிறான்."

"அப்ப அதை எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ. மற்றப் பக்கத்தில எழுதுங்கோ. உயிரோட இருக்கிறவையின்ர பக்கத்தில. போன கிழமை வாசிச்சது பிழை, நடாஷாவின்ர சுகத்துக்காக எண்டு. ஒரே ஒருக்கா ஒரு இடத்திலயாவது ஒருத்தரும் சாகேல்லை எண்டு ஆரும் சொன்னா எனக்குக் காணும்."

"வாற ஞாயிறு வாசிப்பிக்கிறன்," என்று சத்தியம் பண்ணினேன்.

செய்திருக்கலாம். ஒரு வரி. ஆனால் தாயையும் ஒரு வார்த்தை கேட்போம் என்று வெள்ளிக்கிழமை யூனியன்வில்லுக்குப் போனேன்.

மக்டலீன் கதவைத் திறந்ததும் வெளியே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் என்னை உள்ளே எடுத்தாள். நான் சொன்ன எல்லாவற்றையும் நின்றபடி கேட்டாள். அவளுக்குப் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"ஒண்டும் திருத்த வேண்டாம் அக்கா. அப்பிடியே விடுங்கோ."

"உம்மட மகளைச் சனம் பிள்ளையை அழிச்சவள் எண்டு கதைக்குது."

"கதைக்கட்டும். பிள்ளை அழிச்சதெண்டா ஆறு மாசம் கதைப்பினம், பிறகு வேற ஆள் அம்பிடும். மண்டையில பிழை எண்டா ஏழு தலைமுறைக்கும் கதைப்பினம். சின்னவள் ஜெசிகாவுக்கு மிசிசாகாவில கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறன்." குரலைத் தாழ்த்தினாள். "அதை எடுத்தா ரெக்ஸ்டேல் கதையும் வரும். அந்தாள் ஆர் எண்டு கேப்பினம். அவன் இப்பவும் இங்கதான் இருக்கிறான், குடும்பத்தோட. நான் எங்க நிண்டனான் எண்டும் கேப்பினம்."

"எங்க நிண்டனீர்?"

"இரண்டு வேலை, அக்கா," என்றாள். "இரண்டு வேலை."

தாயே வேண்டாம் என்ற பிறகு நான் யார் என்று என்னைச் சமாளித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அது பாதி உண்மை. மீதி உண்மை, பன்னிரண்டு வருடத்தில் என் கொப்பியில் ஒரு பிழை வந்ததென்று பீடத்திலிருந்து சொல்லக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு சொல்லை நானாகச் சேர்த்தேன் என்று பேர்ணடெற்றுக்குத் தெரிய வேண்டி வரும். அந்த வெட்கத்துக்காக ஒரு பிள்ளையின் உயிரைப் பணயம் வைத்தேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

ஞாயிறு நடாஷா முதல் வரிசையில் தனியாக வந்து இருந்தாள். பாதர் வாசிக்க வாசிக்க ஒவ்வொரு பெயருக்கும் நிமிர்ந்து பார்த்தாள். கடைசிப் பெயரும் முடிந்தது. அப்போது அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

வெளியே மேசையடிக்கு வந்தாள்.

"அடுத்த கிழமை, பிள்ளை. இண்டைக்குப் பாதருக்கு நேரம் காணாது," என்றேன்.

"ஓகே அன்ரி," என்றாள். ஒரு கோபமும் இல்லை. கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அடுத்த கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. பிறகு வந்த சனிக்கிழமை மத்தியானம் மக்டலீன் ஃபோன் எடுத்தாள். "கெதியா வாங்கோ அக்கா. உங்களைத்தான் கேக்குது," என்றாள். 'கேக்கிறாள்' என்று ஏன் சொல்லவில்லை என்று பஸ்ஸில் போகும்போது யோசித்தேன்.

டொக்டரிடம் போவதை நடாஷா நிறுத்தியிருந்தாள். நாலு நாளாக வேலைக்கும் போகவில்லை. அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, மருந்துக்கடைச் சட்டையோடு முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். கட்டிலில் ஃபோன் மின்னி மின்னி அணைந்தது. குனிந்து பார்த்தேன், அந்த ஒன்லைன் குழு. 'வெல்கம் ஹோம், சீமோன்.' கேக் படம், பலூன் படம், கைதட்டல். அவர்களுக்கு அது உயிர்ப்பு ஞாயிறு.

நான் நிலத்தில் இருந்தேன்.

"அன்ரி, நீங்களோ என்ர பேரை எழுதினது?"

அந்தக் குரலை நான் எப்படிச் சொல்வேன்? யாரும் நடிக்கிற குரல் இல்லை அது. பல்லு விழுந்த பிள்ளை கதைப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"ஓம் ராசா."

"செத்த ஆக்களின்ர லிஸ்ற்றிலயோ?"

"ஓம் ராசா. பிழையா எழுதிப்போட்டன்."

"எல்லாரும் நான் செத்திட்டன் எண்டவை. பிறகு வந்திட்டன் எண்டு சிரிக்கினம்." முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்தான். "எனக்கு வர விருப்பமில்லை. நடாஷா அழுதுகொண்டே இருந்தா, பிறகு காணேல்லை. அன்ரி, அங்கிள் கீழ நிக்கிறார். நடக்கிற சத்தம் கேக்குது."

இது வேறு வீடு, அது இருபது வருடத்துக்கு முந்திய கதை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கண்ணைப் பார்த்தால் சொல்ல முடியவில்லை. எழுந்து படியைப் பிடித்துப் பிடித்து பேஸ்மன்றுக்கு இறங்கினேன். லைற்றைப் போட்டு மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன். அரிசிப் பை, நத்தார் மரப் பெட்டி, உடுப்புக் காயப்போடுகிற கொடி. முழங்கால் நோக நோக மேலே வந்து மறுபடியும் அவன் பக்கத்தில் இருந்தேன்.

"நான் பாத்திட்டன் ராசா. கீழ ஒருத்தரும் இல்லை."

அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால், கதவடியில் நின்ற மக்டலீனைப் பார்த்தான்.

"அம்மாவும் அப்பிடித்தான் சொன்னவா," என்றான். "பயப்பிட ஒண்டும் இல்லை எண்டு சொல்லிப்போட்டு, பிறகும் என்னைத்தான் கீழ அனுப்பினவா."