வால்வின் நிழல்

கறுப்பு, திரையில், என் இதயத்தில் அறுத்து வைத்த வால்வுக்குப் பின்னால் கொட்டிக் கிடக்கிற கறுப்பு, நெஞ்சில் ஜில்லென்று ஜெல்லைத் தடவி எக்கோ டாக்டர் கருவியை உருட்டுகிறார், எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு, வால்வு அருமையா வேலை செய்யுது என்கிறார், அந்தக் கறுப்பு என்ன சார் என்கிறேன், உலோக வால்வுல்ல, அதோட நிழல், அதுக்குப் பின்னால தெரியாது, தெரியாது என்றால் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம், சும்மா இரு புள்ள, அவரு டாக்டரா நீ டாக்டரா என்று என் வீட்டுக்காரர் சோலைமலை கையைக் கிள்ளுகிறார், கிள்ளியது அன்றா, அதற்கு முந்தைய முறையா, எல்லா அறையும் ஒரே அறையாகிவிட்டது, விடிந்ததும் விடியாததுமாக என் நெஞ்சில் காதை வைப்பார், டிக் டிக், கேக்குதுல்ல, அப்புறம் என்ன, மூச்சிரைக்கிறதெல்லாம் உன் மனசு, அட போய்யா, மனசுதான் காரணமென்றால் நான் ஏன் பாதி மாடிப்படியில் உட்கார்ந்துவிடுகிறேன், மூத்திரம் ஏன் கடுங்காப்பி நிறத்தில் போகிறது, ஒருநாள் அதை டப்பாவில் பிடித்து அவருடைய காப்பித் தம்ளர் பக்கத்திலேயே வைத்தேன், சீச்சீ என்று எழுந்து ஓடினார், ஓடட்டும், எனக்குக் கோபம், அவ்வளவு கோபம்.

அந்த டப்பாவோடுதான் பெரிய டாக்டர் பெனடிக்டாவிடம் போனேன், அவர் முகம் சுளிக்கவில்லை, ரத்த அணு உடையுதும்மா, அதான் இந்த நிறம், தொண்டை வழியா குழாய் விட்டுப் பின்பக்கமிருந்து பாத்துரலாம், விழுங்குங்க, விழுங்குங்க, குமட்டுகிறது, விழுங்குகிறேன், நிழல் விலகிய இடத்தில் வால்வின் ஓரமாகச் சிவப்பு பீறிடுகிறது, வால்வுங்கிற கதவு சரியாத்தான் இருக்கு, நிலைக்கும் சுவருக்கும் நடுவுல தையல் விட்டு ஓட்டையாயிருக்கு, இப்படியே விட்டா இதயம் தாங்காது என்கிறார், மறுபடி நெஞ்சைப் பிளக்கணுமா என்று சோலைமலை அழுதேவிட்டார், வேணாம், தொடை வழியா ஒரு அடைப்பானைக் கொண்டுபோய் வச்சுப் பாப்போம், மாத்திரையிலயே ஓட்டிரலாமே டாக்டர் என்கிறார் சோலைமலை, என் நெஞ்சுங்க அது, நான் சொல்றேன், நீங்க அடைங்க டாக்டர்.

அடைத்தாயிற்று, மறுபடியும் அதே அறை, அதே ஜெல், திரையில் அதே கறுப்பு, இருந்துவிட்டுப் போகட்டும், அதற்குப் பின்னால் என்னவென்று இப்போது எனக்குத் தெரியும், இந்தத் தடவ தொண்டைக் குழாய் வழியா பின்பக்கமும் பாத்தாச்சும்மா, கசிவு இல்ல என்று எக்கோ டாக்டரே முந்திக்கொள்கிறார், சோலைமலை பழக்கதோஷத்தில் நெஞ்சருகே குனிகிறார், அந்தக் காதைப் பிடித்து நிமிர்த்துகிறேன், டிக் டிக்கைக் கேட்டது போதும், என்னக் கேளுங்க, அவர் விழிக்கிறார், பிறகு கேட்கிறார், எப்படி இருக்க புள்ள, லிஃப்டுல வந்தது நீங்க, நான் படியேறி வந்தேன்.