பாட்டில் மேல் எழுதியிருந்தது

திங்கட்கிழமை காலை லைப்ரரி அக்கா வழக்கம்போல பேப்பரைப் பிரித்தாள். அதில் ஒரு எழுத்துகூட அவளுக்குப் புரியவில்லை.

எழுத்துகள் தெளிவாகத்தான் தெரிந்தன. கொம்பு, சுழி, கால், புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஆனால் எதுவும் எதையும் சொல்லவில்லை. அச்சகத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து முந்தின நாள் பேப்பரை எடுத்தாள். அதுவும் அப்படியே. காலண்டர், டீத்தூள் டப்பா, மாத்திரை அட்டை, தன் பெயருக்கே வந்திருந்த தபால் உறை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"என்னம்மா, அதுக்குள்ள மடிச்சிட்டே? ஒண்ணும் விசேஷமில்லையா?" என்றார் கணவர்.

"கண்ணாடியைக் காணோம். நீங்க சத்தமாப் படிங்க, கேக்குறேன்."

கண்ணாடி அவள் மூக்கின் மேலேயே இருந்தது. அவர் நிமிர்ந்து பார்க்காததால் பிழைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து தன்னைப் படிக்கவிட்டு அவள் கேட்டதே இல்லை என்பதால் மனுஷருக்கு ஒரே குஷி. வீட்டு மனை விளம்பரம்வரை ஏற்ற இறக்கத்தோடு படித்துத் தீர்த்தார்.

அக்காவைப் பற்றி ஊரில் தெரியாதவர்கள் குறைவு. ரிட்டயராகும்வரை பார்த்த தபால் ஆபீஸ் வேலை போக மீதி ஆயுள் முழுவதையும் பொது நூலகத்துக்கே கொடுத்தவள். கூரை ஒழுகினால் மனு, புத்தகம் வாங்காவிட்டால் மனு, சாயங்காலம் சீக்கிரம் பூட்டினால் நேரில் சண்டை. அவள் நகரசபைப் படியேறினால் உள்ளே இருக்கும் அதிகாரிகளுக்கு அவசரமாக வேறு வேலை வந்துவிடும். நூலகத்தின் பின்னறையில் பெரியவர்களுக்கான எழுத்து வகுப்பையும் அவள்தான் நடத்தினாள். பள்ளிக்கூடம் பார்க்காத எத்தனையோ பேர் அந்த அறையில் உட்கார்ந்து, அவளிடம் திட்டு வாங்கி, படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது அந்தக் கட்டிடத்தை வரி ஆபீஸுக்குக் கொடுக்கப் பார்த்தது நகரசபை. அடுத்த திங்கட்கிழமை கூட்டம். நூலகத்தின் பக்கம் நின்று பேச வேண்டியவள் அக்கா. டாக்டரிடம் போனால் படுக்கவைத்துவிடுவார்கள், கூட்டம் அவள் இல்லாமலே முடிந்துவிடும். விஷயம் வெளியே தெரிந்தால் கேட்கவே வேண்டாம், படிக்கத் தெரியாத அம்மாளா நூலகத்துக்கு வக்காலத்து என்று சிரிப்பார்கள். அதனால் வாயைத் திறக்கவில்லை.

கூட்டத்தில் பேச வேண்டியதை எழுதிப் பார்த்தாள். கை தடையில்லாமல் எழுதியது. எழுதி முடித்துக் குனிந்து பார்த்தால், அவள் எழுதியதே அவளுக்குத் தெரியவில்லை. தலைக்குள் ஏதோ செத்துப்போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும். இன்னும் என்னென்ன போகுமோ என்ற பயத்தில் ராத்திரி கண்ணை மூடவே துணியவில்லை.

மறைப்பதற்கு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. விரலில் சும்மா கட்டுப் போட்டுக்கொண்டு கையெழுத்தைத் தள்ளிப்போடுவது, இங்கே வெளிச்சம் போதவில்லை என்பது, வீட்டில் போய் நிதானமாகப் பார்க்கிறேன் என்பது என்று எல்லாத் தந்திரத்தையும் வகுப்புக்கு வந்தவர்களிடம் பார்த்திருக்கிறாள். அவர்களிடமெல்லாம் 'வெட்கப்படாதீங்க, வெட்கப்படாதீங்க' என்று ஓயாமல் சொன்னவள் அவள். அது வெட்கமே இல்லை, வெறும் பயம் என்பது இப்போதுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை வகுப்புக்கு நகரசபை அதிகாரி ஒருவர் வந்து, அலமாரிப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வகுப்பு நிஜமாகவே நடக்கிறதா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார். போர்டில் பழக்கத்தில் எழுதிப்போட்டு, ஒவ்வொருவரையும் எழுந்து படிக்கச் சொல்லி அக்கா ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து பட்டன் எழுந்து வந்தாள். சட்டைக் கம்பெனியில் பட்டன் தைக்கிற பெண் என்பதால் வகுப்பில் அவளுக்கு அதுவே பேராகிவிட்டது. கையில் ஒரு மருந்து பாட்டில்.

"அக்கா, சின்னவனுக்கு சளி. எவ்வளவு குடுக்கணும்னு கடைக்காரரைக் கேட்டா, எல்லாம் மேல எழுதியிருக்கு, பாரும்மான்னு தள்ளிவிட்டுட்டாரு. கொஞ்சம் படிச்சு சொல்லுங்களேன்."

அதிகாரி இந்தப் பக்கம் திரும்பினார். அக்கா பாட்டிலை வாங்கி, தூர வைத்துப் பார்த்தாள், கிட்ட வைத்துப் பார்த்தாள். ஒட்டியிருந்த தாளில் பேனாக் கோடுகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. வீட்டில் கணவருக்கு இருமல் மருந்து ஊற்றிக் கொடுத்த பழக்கம் நாக்கில் வந்து நின்றது.

"ரெண்டு ஸ்பூன். மூணு வேளை."

பட்டனின் முகம் விழுந்துவிட்டது. "ரெண்டாக்கா?"

"ஆமா, ரெண்டு. போ."

"சரிக்கா." பட்டன் பாட்டிலைப் பையில் போட்டாள். பையனைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறேன், மருந்து கொடுக்கணும் என்று பாதி வகுப்பிலேயே கிளம்பிவிட்டாள். அதிகாரியும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். தப்பித்தோம் என்று அக்கா பெருமூச்சு விட்டாள்.

எல்லோரும் போனபின் கதவைப் பூட்டும்போதுதான் உறைத்தது. சின்னவன் இப்போதுதான் தத்தித் தத்தி நடக்கிறான். ரெண்டு ஸ்பூன் என்பது தன் கணவருக்கு ஊற்றுகிற அளவு.

போனை எடுத்தாள். பட்டனின் நம்பர் அதற்குள் எங்கோ இருந்தது. ஒரு பெயரைக் குத்துமதிப்பாக அழுத்தினாள். எலெக்ட்ரீஷியன் எடுத்து, "ஃபேனா, லைட்டா?" என்றார். வழியில் போகிற யாரிடமாவது கொடுத்துத் தேடச் சொல்லியிருக்கலாம். பயத்தில் அது தோன்றவே இல்லை. கிடைத்த வண்டியில் ஏறி, பட்டன் குடியிருந்த குடியிருப்பைச் சொன்னாள்.

அங்கே இறங்கிச் சுற்றிப் பார்த்தாள். வரிசையாக ஒரே மாதிரி கட்டிடங்கள், ஒரே மஞ்சள் பெயின்ட். முன்பெல்லாம் சுவரில் இருந்த எண்ணைப் பார்த்துத்தான் போவாள். இப்போது எண்களும் எழுத்து மாதிரியே வெறும் கோடாகத்தான் தெரிந்தன. சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் ஓடினாள்.

"தம்பி, பதினாலாவது பிளாக் எது?"

"சுவத்துலயே எழுதியிருக்கேம்மா, பாருங்க."

கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பது நுனிநாக்கு வரை வந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியல."

அவர் குரல் இளகிவிட்டது. "அதுக்கென்னம்மா, அதோ, தண்ணித் தொட்டிக்கு அடுத்தது. இப்பகூட ஒண்ணும் கெட்டுப்போகல. லைப்ரரில பெரியவங்களுக்கு வகுப்பு நடக்குது, போய்ச் சேருங்க. ஒரு அக்கா இருக்காங்களாம். கன்னாபின்னான்னு திட்டுவாங்களாம், ஆனா யாரா இருந்தாலும் படிக்க வெச்சிடுவாங்களாம்."

அழக்கூட நேரமில்லை. தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து ஓடினாள்.

கதவைத் திறந்த பட்டனின் தோளில் பையன் கிடந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"குடுத்துட்டியா?"

"வந்ததுமே குடுத்தேன்க்கா. அப்பவே கண்ணு சொருகிடுச்சு. எழுப்புறேன், முழிக்கவே மாட்டேங்குறான். சளி மருந்துன்னா தூக்கம் வரும்தானே?"

"அது ரெண்டு ஸ்பூன் இல்லடி. என்ன எழுதியிருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. நான் படிக்கவே இல்ல. திங்கக்கிழமையிலேர்ந்து எனக்கு ஒரு எழுத்தும் தெரியல."

பட்டன் அவளையே பார்த்தாள்.

"அரைன்னுதான் இருந்துச்சு" என்றாள். "கடை வாசல்லயே நின்னு எழுத்துக்கூட்டிப் படிச்சேன். அரை ஸ்பூன், ரெண்டு வேளை. உங்க வாயால கேட்டுட்டா நான் படிச்சது சரின்னு தெரிஞ்சிடும்னுதான் கொண்டுவந்தேன். நீங்க ரெண்டுன்னீங்க. நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்னு நெனச்சேன்."

அக்கா உள்ளே இருந்த மருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பினாள். பட்டன் அதற்குள் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் பையனின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்த பட்டன் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"பயந்துட்டேன்."

"எனக்குந்தான் பயமா இருந்துச்சு. என்னை அத்தனை பேர் முன்னாடி போர்டுல எழுத வெச்சீங்கல்ல?"



டாக்டர் பாட்டிலை வாங்கிப் பார்த்துவிட்டுப் பையனை உள்ளே தூக்கிக்கொண்டு போனார். இருவரும் பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. அந்தப் பிள்ளை அழ வேண்டும், ஒரே ஒரு தடவை அழுதால் போதும், நூலகம் போனாலும் போகட்டும் என்று அக்கா வேண்டிக்கொண்டாள். தன் வாழ்நாளில் அப்படி ஒரு நினைப்பு அவளுக்கு வந்ததில்லை.

வெகுநேரம் கழித்து உள்ளே ஒரு சின்ன முனகல் கேட்டது. பிறகு வீறிட்டு அழுகை. பட்டன் பாய்ந்து உள்ளே போனாள்.

"மூச்சு இப்ப சீரா இருக்கு" என்றார் டாக்டர். "ஆனா பயமில்லன்னு நான் இன்னும் சொல்ல மாட்டேன். இங்கயே வெச்சுப் பாக்கணும். தப்பான அளவைச் சொன்னது யாரு?"

"நான்தான் டாக்டர். எனக்குப் படிக்கத் தெரியல."

"பள்ளிக்கூடமே போனதில்லையா?"

"எனக்கே படிப்பு சொல்லிக் குடுத்தவங்க சார் இவங்க" என்றாள் பட்டன். கோபமாகத்தான் சொன்னாள். டாக்டர் அக்காவின் கண்ணுக்கு நேரே விரலை நீட்டி, வலது பக்கமாக நகர்த்தி, தெரிகிறதா என்று கேட்டார். பாதி வழியில் விரலைக் காணவில்லை. அவர் அவசரமாக யாருக்கோ போன் செய்து, மூளையில் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம் என்றார். தள்ளுநாற்காலி கொண்டுவரச் சொல்வது அக்காவின் காதில் விழுந்தது.

அதற்குள் நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். பையனிடம் எதையெல்லாம் கவனிக்க வேண்டும், எப்போது கூப்பிட வேண்டும் என்று அதில் எழுதியிருப்பதாகச் சொல்லிப் பட்டனிடம் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினாள். பட்டன் பழக்கத்தில் அதை அக்கா பக்கம் நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

"மூ...ச்சு, வே...க...மாக, வாங்...கினால்..." அடுத்த சொல்லில் விரல் நின்றது. ஒருமுறை ஒரு மாதிரி சொன்னாள், இன்னொரு முறை வேறு மாதிரி சொன்னாள். தாளை அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

அக்கா குனிந்து பார்த்தாள். கொம்பும் சுழியும் காலும் அங்கேதான் இருந்தன. சரி என்று சொல்லிவிடலாம், இல்லை என்றும் சொல்லிவிடலாம், எதைச் சொன்னாலும் இந்தப் பெண் இன்னும் நம்புவாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள். "நீயே படி."

பட்டன் தாளை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, முதல் எழுத்திலிருந்து மறுபடி உரக்கப் படித்தாள். படித்துக்கொண்டே எழுந்து கட்டில் பக்கம் போய், பையனின் மார்பில் கையை வைத்தாள்.