புறங்கை

அந்த மாணவியர் விடுதியில் சமையல்காரிக்குப் பேர் குச்சியக்கா. வேலைக்குச் சேர்ந்தபோது அவ்வளவு ஒல்லி. பிள்ளைகள் வைத்த பேர். மூன்றே வருஷத்தில் முகம் உருண்டு, வயிறு தள்ளிவிட்டது. கையும் காலும் மட்டும் பேரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன.

சமையல்காரி குண்டானால் சும்மா விடுவார்களா? ஸ்டோரில் முட்டை குறைகிறது, பால்மாவு குறைகிறது என்று ஆள் தேடிக்கொண்டிருந்த வார்டனம்மாவுக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்தது.

"தேன் எடுத்தவ புறங்கைய நக்காம இருப்பாளா?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தாள். ஸ்டோருக்குப் பூட்டு விழுந்தது. உப்பு எடுக்கணுமென்றாலும் சாவிக்குப் போய்க் கைகட்டி நிற்கணும்.

"சத்தியமா ஒரு வாய் எடுக்கலம்மா. பாதி நாள் பட்டினிதான்."

"பட்டினி கிடந்தா இந்த உடம்பா? எனக்கே காது குத்துறியா? இன்னொரு முட்டை குறையட்டும், வேற இடம் பாத்துக்க."

சரி, வீட்டிலாவது நம்பினார்களா? "எடுக்கிறதுதான் எடுக்கிற, பிள்ளைங்களுக்கும் ரெண்டு கொண்டு வரக் கூடாதா?" என்றான் புருஷன். அன்றைக்கு அவள் அழுத அழுகை!

ஒருநாள் காய் நறுக்க உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. முதுகுவலி என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா வயிற்றைப் பார்க்கவில்லை. கையைத் திருப்பிப் புறங்கையைப் பார்த்தாள். வெங்காயச் சருகு மாதிரித் தோல், திட்டுத்திட்டாக ஊதா.

"யாராச்சும் அடிச்சாங்களா?"

"இல்லம்மா, லேசா இடிச்சாலே இப்படி ஆயிடுது."

ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் முடிந்தது. "சிறுநீரகத்து மேல இருக்கிற சுரப்பியில கட்டி. கார்ட்டிசால்ங்கிற ஹார்மோனை அளவில்லாம சுரக்குது. நீங்க பட்டினி கிடந்தாலும் உடம்பு இப்படித்தான் போடும். ஆபரேஷன் பண்ணிடலாம்."

ஆபரேஷனாம், அதுவா அவளுக்குப் பெரிசு? "நான் திருடலன்னு எழுதித் தருவீங்களா டாக்டர்?"

"நோயைத்தான்மா எழுத முடியும்."

டாக்டரம்மா எழுதித் தந்த கடிதத்தை வார்டனம்மா பிரிக்காமலே மேசைக்குள் போட்டாள். "லீவுதானே? போயிட்டு வா."

கட்டியை எடுத்தார்கள். மறுபடி வேலைக்கு வந்து ஒரு வருஷத்தில், முதன்முதலில் சேர்ந்தபோது இருந்த குச்சியக்காவே ஆகிவிட்டாள். புறங்கையில் ஒரு திட்டு இல்லை.

விடுதியைப் பார்க்க வந்த பெரியவர்களிடம் வார்டனம்மா அவளை இழுத்து நிறுத்தினாள். "எப்படி இருந்தவ தெரியுமா? பூட்டுப் போட்டேன் பாருங்க, எப்படி இளைச்சுட்டா!"

எல்லாரும் சிரித்தார்கள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"உப்பு எடுக்கணும்மா," என்று கையை நீட்டினாள். "சாவி குடுங்க."