ரெஜீஸைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை

எங்கள் நாட்டில் ஜனாதிபதித் தேர்தலில் நிற்க ஐந்நூறு பேரின் கையெழுத்து வேண்டும், அதுவும் மேயர் மாதிரிப் பதவியில் இருப்பவர்கள் போட்டது. ஐந்து தேர்தலில் நின்று ஐந்திலும் தோற்ற எங்கள் தொழிலாளர் கட்சித் தலைவி மொரிசெத்துக்கு இந்த முறை ஒன்றே ஒன்று குறைந்தது. மாலைத் தபாலுக்குள் அது கிடைக்காவிட்டால் அவளுடைய அரசியலே முடிந்தது. நான்தான் காரை விரட்டிக்கொண்டு போனேன்.

ஆட்டுப்பண்ணை வைத்திருக்கும் மேயர் ஃபிர்மேனின் சமையலறைக்குள் நுழைந்தால், அங்கே ரெஜீஸ் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருக்கிறான், பாவி! வருடக்கணக்கில் இவளோடு நின்றவன். போன வருடம் கட்சியை உடைத்துப் பாதிப் பேரை இழுத்துக்கொண்டு போனான். இப்போது அவனும் வேட்பாளர். அவனுக்கும் ஒன்று குறைகிறதாம்.

“உங்க ரெண்டு பேருக்குமே நான் ஓட்டுப் போடமாட்டேன்,” என்றார் மேயர். “ஆனா ஒருத்தருக்குத்தான் கையெழுத்துப் போட முடியும், மனசாரப் பேசறவருக்குப் போடறேன். மத்தவரைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க. ஒப்புக்குச் சொன்னா கண்டுபிடிச்சிடுவேன். அம்மா, நீங்க முதல்ல.”

மொரிசெத் ரெஜீஸின் சூப்புக் கிண்ணத்தை முறைத்தாள். மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். சொல்லித் தொலையேன்!

“டயர் பேக்டரி ஸ்டிரைக்குல,” என்றாள் கடைசியில், “பனி கொட்டினப்பவும் இவன் கேட்டை விட்டு நகரல. வீட்டுக்கே போகல.”

மேயர் பேனாவை எடுத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“ஆனா,” என்றாள்.

“போதும் தோழரே, வாயை மூடுங்க!” என்று கத்தியேவிட்டேன்.

“ஆனா கடைசியில முதலாளிகிட்ட சமரசம் பேசி ஸ்டிரைக்கை முடிச்சு வச்சதும் இவன்தான். அதைச் சொல்லாம விட்டா, வேலை போன ஜனங்களுக்கு நான் துரோகி.”

மேயர் ரெஜீஸ் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு தம்பி.”

ரெஜீஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் சிவந்திருந்தது.

“ஒரு கையெழுத்துக்காகக்கூட இவங்க உண்மையை முழுங்க மாட்டாங்க,” என்றான். “நான் முழுங்கியிருப்பேன்.”

மேயர் அவனுக்கே போட்டார்.

காரில் ஏறியதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “ஒரு நிமிஷம் சும்மா இருந்திருக்கக் கூடாதா? இத்தனை வருஷமும் மண்ணாப் போச்சே!”

அவள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பிரசாரத்துக்கு எடுத்த லீவை ரத்து பண்ணணும்,” என்றாள். “எங்க ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல திங்கக்கிழமை காலை ஷிப்டுக்கு ஆள் கம்மி. வண்டியை எடு.”