கதவோடு வந்த பிள்ளை

எங்கள் ஊருக்குச் சண்டையிலிருந்து தப்பி வரும் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கதவோடு வருவார்கள். வீடு எரிந்திருந்தாலும் கதவு கூடவே வந்துவிடும். நீதிமன்ற வாசலில் அதை நிறுத்திவிட்டுப் பிள்ளை பின்னால் நின்றுகொள்ளும். சுவரும் கிடையாது, கூரையும் கிடையாது. ஆனால் சட்டப்படி அது வீடு.

நான் அங்கே டவாலி. சிவப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு, வழக்குக்கு வந்தவர்களின் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடுவேன். சட்டம் எனக்கும் அத்துப்படி. மூடிய கதவுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளையை ஒருத்தரும் தொடக்கூடாது. அதிகாரி தட்டலாம், அவ்வளவுதான். பிள்ளையே திறந்துவிட்டால் வீட்டைவிட்டு வெளியேறியதாக அர்த்தம். சாயங்காலப் படகில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சிந்துஜாவுக்கு எட்டு வயதிருக்கும். பச்சைக் கதவு, அடிப்பக்கம் கருகியிருந்தது. அவள் ஊரில் இப்போது துப்பாக்கிக்காரர்கள்தான் மிச்சம். காலையிலிருந்து இரண்டு அதிகாரிகள் தட்டினார்கள். உள்ளேயிருந்து "ஆரது?" என்று கேட்டாள். விதிப்படி பெயரும் பதவியும் சொன்னார்கள். அவள் அசையவில்லை. கெட்டிக்காரி என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

மதியம் அதிகாரி தில்லைராசன் வந்து தட்டினார்.

"ஆரது?"

"நான்தாம்மா" என்றார் அவர். தினமும் தன் வீட்டு வாசலில் சொல்கிற பழக்கம், பாவம், அப்படியே வந்துவிட்டது.

தாழ்ப்பாள் விலகிற்று. கதவு திறந்தது. அட, கெடுத்தாரே மனுஷன் என்று நினைத்தேன்.

சிந்துஜா அவரை நிமிர்ந்து பார்த்து, "ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள்.

நீதிபதி சகாயராணி அம்மா இருவரையும் கூண்டுக்குக் கூப்பிட்டார். கதவும் வந்து பக்கத்தில் நின்றது.

"பிள்ளை தானாத்தான் திறந்துச்சு அம்மா. படகு காத்திருக்கு" என்றார் தில்லைராசன்.

"பேர் சொல்லாம நான்தான்னு சொல்றது வீட்டு ஆளுங்க மட்டும்தான். நீங்க வீட்டு ஆளா, இல்ல பொய் சொன்னீங்களா? பொய்னா அவ திறந்தது செல்லாது. வீட்டு ஆள்னா, பிள்ளையை எந்த வீட்டு ஆளு படகுல ஏத்துவாங்க?"

தில்லைராசன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சிந்துஜா அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு தன் கேள்விக்கான பதிலுக்குக் காத்திருந்தாள், நீதிபதிக்கான பதிலுக்கு அல்ல. அவர் அவள் பக்கம் குனிந்தார்.

"பஸ் கிடைக்கலம்மா" என்றார் கடைசியில். "அதான் லேட்டு."

நீதிபதி அதையே தீர்ப்பாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன். படகு காலியாகப் போனது. தில்லைராசன் கதவைத் தோளில் தூக்கிக்கொண்டார். அவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு கதவு இருக்கிறது, ஒட்டினாற்போல் இதையும் வைத்துக்கொள்ளலாம் என்றார். சிந்துஜா பச்சைக் கதவின் சாவியைத் தானே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நீதிமன்றக் கதவை யாரோ தட்டினார்கள்.

"யாரது?" என்றேன்.

"நாங்கதான்."

திறந்தேன். கடலிலிருந்து வாசல் வரை ஈரக் கதவுகள் வரிசையாக நின்றன. பிள்ளைகளைக் காணோம். அவர்கள் பின்னால் வருகிறார்களாம், கதவுகள் இடம் பிடிக்க முன்னாடியே வந்திருக்கின்றன. நான் சிவப்புப் பட்டையைக் கழற்றி, பஸ்ஸில் துண்டு போடுவதுபோல வராந்தா முழுக்க நீளமாகப் போட்டு வைத்தேன்.