ஈரக் குழாய்

தீயணைப்பு வண்டியை எடுத்துப்போகத் துறை அனுப்பிய ஆள் கூடப்பிறந்த தம்பியாக இருந்ததுதான் தையல்காரிக்கு ஆத்திரம். அவன் சம்பளத்துக்குத் தீயணைப்பவன். அவள் சம்பளமில்லாமல் அணைக்கிற தன்னார்வப் படையின் தலைவி.

இனித் தன்னார்வப் படைகள் வேண்டாம், வண்டிகளெல்லாம் தலைமையகத்திலேயே நிற்கட்டும் என்பது மேலிடத்து முடிவு. தலைமையகம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலத்தில் நெரிசல் இல்லாத பகல் கிடையாது. முன்பு இங்கே ஒரு மரக்கிடங்கு எரிந்தபோது அங்கிருந்து வந்த வண்டி கரிக்கட்டைகளை நனைத்துவிட்டுத் திரும்பியது. அதற்குப் பிறகுதான் இந்தத் தெருக்காரர்கள் துறையோடு மல்லுக்கு நின்று ஒரு வண்டி வாங்கினார்கள். சைரன் கேட்டால் இவள் துணியை ஊசியோடு போட்டுவிட்டு ஓடுவாள். ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையோடு வந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறுவார்.

"சாவியைக் குடுக்கா," என்றான் தம்பி.

"எடுத்துக்கோயேன். குழாய்தான் ஈரமா இருக்கு."

ஈரமான கித்தான் குழாயைச் சுருட்டக் கூடாது, இற்றுப்போகும். குழாய் இல்லாத வண்டி சாலையில் இறங்கக் கூடாது. வழியில் தீயைக் கண்டால் என்ன செய்யும்? இரண்டும் துறையே போட்ட விதிகள். தம்பி முற்றத்தில் குழாய்களை உலர்த்தும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தான். தொங்கிய குழாய்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் போனான்.

அடுத்த முறை வந்தபோதும் சொட்டியது.

"எங்கேயும் தீப்பிடிக்கலையே அக்கா?"

"பயிற்சிடா. நாங்க உங்களை மாதிரி கெட்டிக்காரங்க இல்லையே, தினமும் பழகினாத்தான் வரும்."

ரொட்டிக் கடைக்காரர் சிரிப்பை அடக்க வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

மூன்றாம் முறை தம்பி ஒரு வேனோடு வந்தான். உள்ளே கட்டுப் பிரிக்காத புதுக் குழாய்கள். ஒவ்வொன்றாக இறக்கி வைத்தான். "இப்ப என்ன சொல்லுவே?"

அவள் குனிந்து ஒரு சுருளைப் பிரித்து, துணிக் கடையில் பார்ப்பதுபோல் விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தாள். "நெசவு நல்லா அழுத்தமா இருக்கு," என்றாள். அதை வண்டியின் பம்பில் மாட்டினாள். "திறங்கண்ணே."

ரொட்டிக் கடைக்காரர் திறந்தார். குழாய் உப்பி நெளிந்து முற்றமெங்கும் தண்ணீரைக் கொட்டியது. மற்றச் சுருள்கள் நனைந்தன, தம்பியின் பூட்ஸும் நனைந்தது.

"இதுவும் ஈரமாயிடுச்சு பாரு."

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு," என்றான். அதற்குள் அவன் போன் அடித்தது. மேலதிகாரி. அவன் அக்காவை ஒரு முறை முறைத்துவிட்டுச் சொன்னான்: "குழாய் இன்னும் காயலைங்க சார். புதுசும் கொஞ்சம் நனைஞ்சிருச்சு. இன்னும் ரெண்டு நாள்ல..."

அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த ரெண்டு நாள் கிடைத்திருக்கும். ஆனால் தம்பி தனக்காகப் பொய் சொல்லிக் கூழைக்கும்பிடு போடுவதைக் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. போனைப் பிடுங்கினாள்.

"குழாய் சும்மா சாக்குங்க. காஞ்சாலும் வண்டியைத் தர மாட்டோம். பாலத்தைத் தாண்டி நீங்க வர்றதுக்குள்ள எங்க வீடு எரிஞ்சு முடிஞ்சிரும். அதை ஒரு தடவை பாத்தாச்சு. என் தம்பி கேட்டான், நான் தரலை. அவனைத் திட்டாதீங்க, என்னைத் திட்டுங்க."

எதிர்முனை ஏதோ கத்தியது. அவள் போனைத் தம்பியின் கையில் திணித்தாள்.

அவன் அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான். "நாளைக்குப் போலீசோட வருவாங்க அக்கா. சாக்கு சொல்லிக்கிட்டே இருந்திருக்கலாம்ல?"

"எத்தனை நாளைக்குடா? வரட்டும்."

இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து, வண்டியில் அதன் இடத்திலேயே மாட்டினாள். இனி ஒளித்து வைக்க வேண்டியதில்லை, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். ரொட்டிக் கடைக்காரர் கடையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து வண்டிக்கு முன்னால் போட்டார். அவள் பாதியில் விட்ட துணியை எடுத்துவரச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.