உடம்பில் நின்ற கரண்ட்

பாமன்கடை ஒழுங்கையில் தாஸிமின் வீட்டு முற்றத்தில் திரை கட்டி, குளிப்பாட்டும் பலகை போட்டு, மூன்று குடம் தண்ணீரும் வைத்தாயிற்று. பலகையில் தாஸிமும் கிடந்தான். கை வைக்கத்தான் ஆள் இல்லை.

மாலை அஸர் தொழுகைக்குள் அடக்கியாக வேண்டும். இருபது வருடமாக ஊரில் இறந்தவர்களின் மய்யித்தைக் குளிப்பாட்டும் மர்ஸூக்கே திரைக்கு இப்பால் நின்று தாடியை உருவிக்கொண்டிருந்தார். அம்மை கண்டவனையும் கடலில் ஊறியவனையும் முகம் சுளிக்காமல் கழுவிய மனிதர். கரண்ட் அடித்த உடம்பு அவருக்கு இதுதான் முதல்.

"ஒடம்புல இன்னும் கரண்ட் ஈக்குமோ தெரியா. தண்ணி வேற ஊத்தோணும்," என்றார்.

"காலைல வந்து பாத்த டொக்டர் இல்லையெண்டு சென்னாரே," என்றான் தாஸிமின் தம்பி அலவி. சொன்னானே தவிர, அவனும் பலகைப் பக்கம் ஓரடி எடுத்து வைக்கவில்லை.

"டொக்டர் சப்பாத்து போட்டுக்கொண்டு தானே தொட்டார்?"

பெரிய ஆராய்ச்சி! வெறுங்காலோடு நின்ற பத்துப் பேரும் தலையாட்டினார்கள். பலகைக்குக்கூட அவனைப் பாயோடுதான் தூக்கி வந்திருந்தார்கள். பாயில் கரண்ட் ஓடாதாம்.

உள்ளறையில் தாஸிமின் மனைவி றலியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அழுகை வரவில்லை. "புருசன் துடிக்கக்குள்ள தொட்டும் பாக்காதவள்" என்று அவள் காதில் விழும்படியே பெண்கள் பேசினார்கள். அதுவும் உறைக்கவில்லை.

வெள்ளவத்தையில் பாதி வீடுகளுக்கு வயர் இழுத்தவன் தாஸிம். கல்யாணமான மாதமே அவளுக்குச் சொல்லி வைத்திருந்தான்: "கரண்ட் புடிச்சா சதெ இறுகி கை மூடிக்கொள்ளும், றலியா. உட நெனச்சாலும் உடேலா. அந்த நேரம் என்னெத் தொட்டுராதே, ஒன்னெயும் புடிச்சுக்கொள்ளும். ஓடிப்போய் மெயின நிப்பாட்டு."

இன்று காலை குளித்த ஈரத்தோடு மேசை விசிறியைத் திருப்பப் போனவனின் வலக்கை அதிலேயே மூடிக்கொண்டது. வாய் திறந்திருந்தும் சத்தம் வரவில்லை. கண் மட்டும் அவளைப் பார்த்தது. அவள் தொடவில்லை, ஓடினாள். மெயின் சுவிட்ச் உயரத்தில் இருந்தது. முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி நிறுத்தினாள். அவன் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. திரும்பி வந்தபோது அவன் தரையில் கிடந்தான், மூச்சு இல்லை. அள்ளி எடுக்கப் போனவளைக் கூச்சல் கேட்டு வந்தவர்கள் பிடித்து இழுத்துவிட்டார்கள். இந்த நேரம் வரை அவள் அவனைத் தொடவே இல்லை.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்தது. முற்றத்தில் இன்னும் டொக்டரின் சப்பாத்துதான் பேச்சு. றலியா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து வெளியே வந்தாள். ஆண்கள் விலகினார்கள்.

"மகள், கிட்டப் போகாதே!" என்றார் மர்ஸூக்.

திரையை விலக்கினாள். இரண்டு கையையும் குடத்துக்குள் மணிக்கட்டு வரை முக்கி எடுத்தாள். ஈர மண்ணில் வெறுங்காலை ஊன்றி நின்று, தாஸிமின் வலக்கையைப் பிடித்தாள். உள்ளங்கையில் கறுத்த தீக்காயம். விரல்கள் இன்னும் மடங்கியே இருந்தன. அவற்றுக்குள் தன் விரல்களை நுழைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு சின்ன அதிர்வாவது வரட்டும் என்று ஆசையாக இருந்தது. குளிர்தான் இருந்தது.

"ஒண்டுமில்ல," என்றாள். "வந்து குளிப்பாட்டுங்கோ."

மர்ஸூக் தலை குனிந்து வந்தார். சட்டைக் கையை மடித்து, பிஸ்மி சொல்லி, முதல் குடத்தைத் தூக்கினார்.

"சரி மகள். இனிக் கைய உடுங்கோ."

விடத்தான் நினைத்தாள். கை திறக்கவில்லை.